கோந்து போட்டு ஒட்டிய கவர்

பிரிக்பீல்ட்ஸ்,
12 மே 2025

அன்பு மாப்பிள்ள தம்புசாமிக்கு உங்க மச்சான் பக்கிரிசாமி எழுதிக்கறது. நான் சுகம். என் சர்க்கரையும் சுகம், என்ன விட்டு எங்கயும் போக மாட்டேங்குது. உங்க காது எப்படி இருக்கு? முப்பது வருஷம் ஆயில் மில் பாய்லர் பக்கத்துல நின்ன காது. போன்ல நான் கத்தினா பிரிக்பீல்ட்ஸ் முழுக்கக் கேக்குது, கேரி தீவுல உங்களுக்கு மட்டும் கேக்க மாட்டேங்குது. அதனால வழக்கம்போல கடுதாசி. தங்கச்சி இராஜம்மா குடுத்து விட்ட எலுமிச்சங்கா ஊறுகா காலின்னு சொல்லுங்க. பாட்டில கழுவி வெச்சிருக்கேன்னும் சொல்லுங்க.

மொதல்ல நல்ல சேதி. உங்க பொண்ணு, நம்ம வாணியும் காஜாங் பையன் முகுந்தனும் நேத்து என் கல்யாண ஆபீஸ்ல மறுபடி பாத்துப் பேசினாங்க. பையனுக்குப் புடிச்சிருக்கு. நம்ம பொண்ணுக்கும் புடிச்சிருக்கு, மூஞ்சிலதான் காட்ட மாட்டேங்குறா. கிள்ளான் பேங்க்ல கள்ளக் காசு எங்க போகுதுன்னு தேடற வேலைல இருக்கா இல்ல, மாப்பிள்ளயையும் அப்படித்தான் பாக்குறா. ஆவணில நிச்சயம் வெச்சுக்கலாம்னு பையனோட அம்மா சொல்லிட்டாங்க.

இப்ப ரெண்டாவது சேதி. உக்காந்துகிட்டுப் படிங்க. இன்னிக்குக் காலைல ஆபீஸ் கம்ப்யூட்டர எவனோ பூட்டிட்டான். மெஷின் அங்கதான் இருக்கு. உள்ள இருக்கற நானூறு குடும்பத்து ஜாதகம், படம், சம்பளம் எதுவும் தொறக்க மாட்டேங்குது. எழுத்தெல்லாம் கோழி கிளறின மாதிரி கெடக்கு. நம்ம கிளார்க் பொண்ணு தாமர திரைல இருந்தத படிச்சு சொன்னா. பத்து நாளுக்குள்ள காசு குடுத்தா தொறந்து விடுவானுங்களாம். இல்லன்னா எல்லாத்தயும் உலகத்துக்கே தெரியற மாதிரி இன்டர்நெட்ல போட்டுருவானுங்களாம். காசுன்னா ரிங்கிட் இல்ல. பிட்காயின் கூட வேணாமாம், அதுல எங்கேருந்து எங்க போச்சுன்னு தடம் தெரியுமாம். தடமே தெரியாத வேற காசு ஒண்ணு இருக்காம், அதுலதான் குடுக்கணுமாம். திருடனுக்கு எவ்ளோ கூச்சம் பாருங்க.

எப்படி நுழைஞ்சான்னு கேப்பீங்க. பினாங்கு டாக்டர் மாப்பிள்ளயோட ஜாதகம்னு ஈமெயில்ல ஒரு பைல் வந்துச்சு. போட்டோவும் சம்பளமும் அப்படி. ஆபீஸ்ல யாரோ அத அமுத்திட்டாங்க. யாருன்னு இப்ப எதுக்கு, விடுங்க.

பயப்படாதீங்க. நாளைக்கு நம்ம முகுந்தனே வந்து பாக்கறான். அவன் வேலையே அதுதான், இந்த மாதிரி பூட்டிட்டுப் போற கம்பெனிங்களுக்குப் போயி சரி பண்ணிக் குடுக்கறது. கல்யாணத்துக்கு முன்னாலயே மாமன் வீட்டு வேல செய்ய வர்றான். நீங்க எனக்கு ஒரு ஆணி அடிச்சுக் குடுத்திருப்பீங்களா?

உங்க எல்லாரையும் கேட்டதாச் சொல்லி முடிக்கிற,
மச்சான் பக்கிரி


கேரி தீவு,
17 மே 2025

மச்சான் அவர்களுக்குத் தம்புசாமியின் வணக்கம். இங்கு நானும் இராஜம்மாவும் நலம். அவளுக்கு மூட்டுவலி குறைந்திருக்கிறது, பேச்சு குறையவில்லை. உங்கள் கடிதம் வந்தபோது நான் கடைக்குப் போயிருந்தேன். அவள்தான் வாங்கி மேசைமேல் வைத்திருந்தாள். அவளிடம் இந்தக் கம்ப்யூட்டர் விஷயத்தைச் சொல்லவில்லை. சொன்னால் சாப்பிட மாட்டாள்.

எனக்கு ஒரே கேள்விதான். வாணி விஷயத்தை அந்த மெஷினில் எழுதி வைத்திருக்கிறீர்களா?

உங்களுக்குத் தெரியாதது இல்லை. எட்டு வருஷத்துக்கு முன்னால் வீட்டு லோனுக்காக முதலில் ரெஜிஸ்டர் பண்ணிவிடலாம், ஆறு மாதம் கழித்துக் கோயிலில் தாலி கட்டலாம் என்றார்கள். எல்லாரும் செய்வதுதானே என்று நாமும் தலையாட்டினோம். தாலிக்கு மூன்று வாரம் இருக்கும்போது அந்தப் பையன் வேண்டாம் என்று போய்விட்டான். இரண்டு வருஷம் ஆகாமல் கோர்ட்டில் கேஸே எடுக்க முடியாது என்றார் வக்கீல். எல்லாம் முடிய மூன்று வருஷம். ஒரு நாள்கூட அவனோடு வாழாத பிள்ளை, காகிதத்தில் மட்டும் விவாகரத்தானவள்.

முகுந்தனிடம் மறைக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. ரெஜிஸ்டர் பண்ணப் போகும்போது எப்படியும் தெரியும். நிச்சயத்துக்கு முன்னால் ஒரு நல்ல நாள் பார்த்து நானே சொல்வேன். ஆனால் இதற்கு முன்னால் வந்த இரண்டு இடமும் வேறு யாரோ வாய் வழியாகக் கேள்விப்பட்டுத்தான் விட்டுப் போனது. மூன்றாவதும் அப்படிப் போனால் வாணி இனிமேல் யாரையும் பார்க்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறாள். சொன்னால் செய்வாள்.

எங்கும் எழுதமாட்டேன் என்று உங்கள் வீட்டு முருகன் படத்துக்கு முன்னால் சத்தியம் செய்தீர்கள். ஒரு வரி பதில் போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.
தம்புசாமி


பிரிக்பீல்ட்ஸ்,
21 மே 2025

மாப்பிள்ளைக்கு மச்சானோட ஆசீர்வாதம், வேணாம்னாலும் வாங்கிக்கணும். நான் சுகம். முட்டி ரெண்டும் சுகம். மாடிப்படி மட்டும் வருஷா வருஷம் ஒரு படி கூடுது.

முகுந்தன் 13ஆம் தேதி வந்தான். எப்படிப்பட்ட பையன் தெரியுமா! செருப்ப வெளிய கழட்டிட்டு வர்றான், கம்ப்யூட்டர் என்னமோ சாமி அறைல இருக்கற மாதிரி. வந்ததும் நெட்டு ஒயர புடுங்கினான். தாமரய அனுப்பி போலீஸ் ரிப்போட் குடுக்க வெச்சான். 'காசு மட்டும் குடுத்துடாதீங்க அங்கிள், குடுத்தா நாளைக்கு இன்னொருத்தன் வருவான்'னான். 'தம்பி, குடுக்கறதுக்கு எங்கிட்ட இருந்தா நான் எதுக்குப்பா இந்த மாடி ஏறி எறங்கறேன்'ன்னேன்.

தங்கிட்ட நெஜமாவே பைல் இருக்குன்னு காட்ட, மாதிரிக்குன்னு ஒரு பக்கத்த திருடன் அனுப்பியிருந்தான். 'நீங்க தொறக்காதீங்க, அதுலயும் ஏதாச்சும் இருக்கும்'னு முகுந்தன் அவனோட லெப்டாப்ல வெச்சுப் பாத்தான். பாத்துட்டு திரைய என் பக்கம் தெரியாம திருப்பிக்கிட்டான். அப்புறம் ஒரு தாள் பிரிண்ட் எடுத்தான், கவுத்தபடியே மடிச்சான், 'அங்கிள், கவரும் கோந்தும் இருக்கா?'ன்னான். கம்ப்யூட்டர் டாக்டர் கோந்து கேக்கறான் மாப்ள! கவர ஒட்டி, ஒட்டின எடத்து மேல கையெழுத்து போட்டு, தேதியும் போட்டு, பீரோல வைக்கச் சொன்னான். போலீசுக்குக் குடுக்கற சாட்சியா இருக்கும். நான் கேக்கல.

இதுல என் பாடு தனி. பூட்டு தொறந்துச்சுன்னா எல்லாம் அவன் கண்ணுலதான் மொதல்ல படும். அதுல குறிப்புன்னு ஒரு கட்டம் இருக்கு. உண்மையான வயசு, உண்மையான ஒசரம், எந்த மாமியாருக்கு வாய் எவ்ளோ நீளம், எல்லாம் அதுல. அதனால அவன் வேல செய்யறப்ப நான் பக்கத்துலயே உக்காந்துடறேன், ரொம்ப அன்பு மாதிரி. திரைக்கு முன்னால வாழப்பழத்த நீட்டறேன், வடய நீட்டறேன். மூணு நாள்ல பையன் ரெண்டு கிலோ ஏறிட்டான்.

நாளைக்குத்தான் திருடன் சொன்ன கெடு. 'எதாச்சும் பேசி நாள் கடத்துங்க அங்கிள், நான் சாவி தேடறேன்'ன்னான் முகுந்தன். பேசறதுக்கு எனக்கு சொல்லியா தரணும்? திருடன் கூட எழுதிப் பேச ஒரு எடம் இருக்கு. நான் சொல்லச் சொல்ல தாமர அவ போன்ல இங்கிலீஷ்ல போட்டுக் கேட்டா. தம்பிக்கு எத்தன வயசு? கல்யாணம் ஆச்சா? அம்மா கூட இருக்காங்களா? அவன் 'காச அனுப்பு'ன்னான். 'அனுப்பறோம், நீ மொதல்ல நட்சத்திரம் சொல்லு'ன்னேன்.

உங்க கேள்விய படிச்சேன். சத்தியத்த மறக்கற ஆளா நான்? தங்கச்சிய கேட்டதாச் சொல்லுங்க.

அவசரத்துல முடிக்கிற,
பக்கிரி


கேரி தீவு,
25 மே 2025

மச்சானுக்கு வணக்கம். நலம்.

ஆம் அல்லது இல்லை. இரண்டில் ஒன்றை எழுதவும்.

தம்புசாமி


பிரிக்பீல்ட்ஸ்,
3 ஜூன் 2025

மாப்பிள்ளைக்கு. இங்க ஒடம்பு சுகம், மனசுதான் கொஞ்சம் சரியில்ல. உங்க ரெண்டு வரிய ஒரு வாரமா சட்டப் பையில வெச்சுக்கிட்டுத் திரியறேன்.

ஆமா. எழுதியிருக்கேன்.

திட்டறதுக்கு முன்னால முழுசும் படிச்சிடுங்க. நாலு வருஷம் முன்ன தாமர வந்து பழைய நோட்டு எல்லாத்தயும் கம்ப்யூட்டர்ல ஏத்தினா. புது நோட்டு எடுத்தா நான் என்ன செய்வேன்னு உங்களுக்குத் தெரியும். பிள்ளையார் சுழி போட்டு, நம்ம வீட்டுப் புள்ள பேர மொதல்ல எழுதிட்டுத்தான் அடுத்தவங்க பேரு. அப்பதான் அந்தப் புள்ளைக்கு சீக்கிரம் அமையும். கம்ப்யூட்டர்லயும் அப்படித்தான் ஆரம்பிச்சேன். ஒண்ணாம் நம்பர் வாணி. வர்ற எடத்துல எல்லாம் மாத்தி மாத்தி சொல்லி நானே மாட்டிக்கக் கூடாதுன்னு குறிப்புக் கட்டத்துல ரெண்டு வரி போடச் சொன்னேன். முருகன் படத்து முன்னால சத்தியம் பண்ணப்போ கம்ப்யூட்டர நெனைக்கல மாப்ள, பேப்பரத்தான் நெனச்சேன். அதுவும் பொய்தான், தெரியும்.

இன்னொண்ணும் சொல்லிடறேன். அந்த டாக்டர் ஜாதகத்த அமுத்தினது தாமர இல்ல. அவ 'வேணாம் லா அங்கிள், பேரே தெரியல'ன்னா. 'நல்ல எடம், நம்ம வாணிக்கு இல்லன்னாலும் யாருக்காச்சும் ஆகும்'னு நாந்தான் எட்டி அமுத்தினேன்.

நம்ம புள்ளைங்க கதைய கேளுங்க. ஞாயித்துக்கிழம வாணியும் வந்திருந்தா. நான் சும்மா இருக்காம, 'தடமே தெரியாத காசு எதுக்கு? தட பண்ணிட்டா திருடன் எதுல கேப்பான்?'ன்னு ஒரு பேச்ச எடுத்து விட்டேன்.

வாணி புடிச்சுக்கிட்டா. 'சரியா சொன்னீங்க மாமா. ரிட்டயர் ஆன காச மொத்தமா ஏமாந்துட்டு எங்க கவுண்டர்ல வந்து அழறாங்க. பிட்காயின்னா எங்க போச்சுன்னு தேடவாச்சும் முடியும். இதுல போனா போனதுதான். யாருக்கு வேணும் இப்படி ஒரு காசு?'

'எனக்கும் தினம் இந்தத் திருடனுங்க கூடத்தான் சண்ட'ன்னான் முகுந்தன். 'ஆனா ஒண்ணு சொல்றேன் வாணி. எல்லாம் தெரியற காசுல நீங்க எனக்கு ஒரு தடவ அனுப்பினா போதும். அந்தக் கணக்கு உங்களோடதுன்னு தெரிஞ்சிடும். அப்புறம் எந்த கிளினிக்குக்குக் கட்டினீங்க, எந்த வக்கீலுக்குக் கட்டினீங்க, எல்லாத்தயும் நான் உக்காந்து பாக்கலாம். அதப் பாக்க நான் யாரு?'

'தப்பு பண்ணாதவங்க எதுக்கு மறைக்கணும்?'னு கேட்டா நம்ம பொண்ணு. கேட்டுட்டு அவளே டக்குனு வாய மூடிக்கிட்டா. 

அவன் மெதுவாத்தான் சொன்னான். 'தப்பு பண்ணாதவங்களுக்குத்தான் மறைக்க நெறைய இருக்கு. நீங்க பாத்ரூம் கதவ சாத்தறீங்களே, உள்ள என்ன திருட்டு நடக்குதா?'

வாணி சிரிச்சுட்டா மாப்ள. பல்லு தெரிய சிரிச்சா. எட்டு வருஷத்துல நான் பாக்கல.

திருடன் இந்த மாசக் கடைசி வரைக்கும் நாள் குடுத்துட்டான். அவனுக்கு வயசு முப்பத்தி நாலாம், கல்யாணம் ஆகலயாம். நட்சத்திரம் தெரியாதாம்.

என்ன வேணா திட்டி எழுதுங்க. ஆனா எழுதுங்க.

மச்சான்


பிரிக்பீல்ட்ஸ்,
28 ஜூன் 2025

மாப்பிள்ளைக்கு. நான் சுகம். நீங்க சுகமான்னு கேட்டு மூணு வாரமாச்சு, பதில் இல்ல. தபால்காரர் படிய விட்டு கீழயே போயிடறாரு. இராஜம்மாவுக்கு போன் போட்டா 'அவர் வெளிய போயிருக்காருண்ணா'ன்னு வெச்சுடறா. கோவம்னு தெரியுது. உங்க கோவத்துக்கு மருந்து எங்கிட்ட இல்ல. சேதி மட்டும் இருக்கு.

பூட்டு தொறந்துடுச்சு! அது பழைய பூட்டாம். வேற ஏதோ நாட்டு போலீஸ் அந்தக் கூட்டத்துல சில பேர புடிச்சப்போ சாவிங்களும் கெடச்சு, அத எல்லாருக்கும் சும்மாவே குடுத்துட்டாங்களாம். முகுந்தன் அதுல ஒண்ணு ஒண்ணா போட்டுப் பாத்து, செவ்வாய்க்கிழம மத்தியானம் டக்குனு திரும்பிச்சு. மொதல் பக்கம் திரைல வர்றதுக்கு முன்னால பையன் என்ன பண்ணான் தெரியுமா? எந்திரிச்சுப் போயி செவுத்தப் பாத்து நின்னுகிட்டான். 'இது உங்க ஆளுங்களோட விஷயம், நீங்களே பாத்து எல்லாம் சரியா இருக்கான்னு சொல்லுங்க அங்கிள்'னான். நான் வட நீட்டினதெல்லாம் வீண்.

ஆனா சந்தோஷம் முழுசா இல்ல. இங்க தொறந்தாலும் அவனுங்க எடுத்துட்டுப் போன நகல் அவனுங்ககிட்டதான் இருக்கு. எப்ப வேணும்னாலும் போடலாம். போடாமலும் போகலாம். 'யாரோட விஷயம் வெளிய வந்தா கஷ்டமோ, அவங்ககிட்ட இப்பவே சொல்லிடறதுதான் மொற'ன்னு முகுந்தன் சொல்லிட்டான். நானூறு குடும்பத்துக்கும் நானே போன் போட்டுச் சொல்றேன். நேத்து ஒரு அம்மா கத்தறாங்க, 'என் பொண்ணு வயச உண்மையாவா எழுதி வெச்சீங்க? உங்கள நம்பித்தானே பொய் சொன்னேன்'ன்னு.

முகுந்தனுக்கு நன்றிக்கு வாழையெல சாப்பாடு வாங்கிக் குடுத்தேன். ரசம் ரெண்டு வாட்டி வாங்கிக் குடிச்சான். வேற ஒண்ணும் விசேஷமில்ல.

பதில பாத்துக்கிட்டு இருக்கற,
பக்கிரி


கேரி தீவு,
15 ஜூலை 2025

மச்சானுக்கு வணக்கம். நலம். நீண்ட நாள் எழுதாததற்குக் கோபம் ஒரு காரணம், வெட்கம் இன்னொரு காரணம்.

உங்கள் 'ஆமா' வந்த அன்று முதலில் உங்களை அடிக்கத்தான் பஸ் ஏற நினைத்தேன். நான்கு வாரம் யோசித்தேன். கடைசியில் ஜூலை ஐந்தாம் தேதி பஸ் ஏறினேன், பிறகு ரயில், ஆனால் பிரிக்பீல்ட்ஸுக்கு வரவில்லை. காஜாங்குக்குப் போனேன். இராஜம்மாவிடம் காது டாக்டரைப் பார்க்கப் போகிறேன் என்று பொய் சொன்னேன். திருடன் சொல்லி முகுந்தனுக்குத் தெரிவதைவிட அப்பன் சொல்லித் தெரியட்டும் என்று தோன்றியது.

ஸ்டேஷன் பக்கத்தில், கறியைக் குச்சியில் குத்திச் சுடும் ஒரு சாத்தே கடையில் முகுந்தன் என்னை உட்கார வைத்தார். சனிக்கிழமை நான் கறி சாப்பிடமாட்டேன் என்றதும் வெள்ளரிக்காயும் நிலக்கடலைக் கச்சான் குழம்பும் மட்டும் வாங்கித் தந்தார். என் காது இவ்வளவு மோசம் என்று அவருக்குத் தெரியாதே, நான் கத்திப் பேசுகிறேன் என்பது எனக்கே பாதியில்தான் உறைத்தது. கடையே கேட்டிருக்கும், நல்லவேளை தமிழ் தெரிந்தவர்கள் இல்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டினார்: 'அப்படியா அங்கிள்? என்னை நம்பிச் சொன்னதுக்கு ரொம்ப நன்றி.' அவ்வளவுதான். ரயில் வரை கூட வந்தார்.

முகத்தைப் பார்த்தால் கோபம் தெரியவில்லை. ஆனால் முடிவும் தெரியவில்லை. நான் போனதை வாணியிடமோ இராஜம்மாவிடமோ சொல்லாதீர்கள். உங்களை நான் மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். இன்னும் இல்லை.

தம்புசாமி


பிரிக்பீல்ட்ஸ்,
19 ஜூலை 2025

அட மாப்ள! சுகமாவது ஒண்ணாவது, சிரிச்சு சிரிச்சு எனக்கு வெலா வலிக்குது.

அந்த வாழையெல சாப்பாடு சும்மா இல்ல. நகல் திருடன்கிட்ட இருக்குன்னு தெரிஞ்சப்புறம் எனக்கு சோறு எறங்கல. எழுதினது நான், அதனால சொல்லவேண்டியதும் நாந்தான்னு ஜூன் 25ல அந்தப் பையன்கிட்ட எல்லாத்தயும் கொட்டிட்டேன். உங்களுக்கு எழுதினா அப்பவே வந்து அடிப்பீங்கன்னு விட்டுட்டேன். பையன் ரசத்த வெச்சுட்டு என்ன சொன்னான் தெரியுமா? 'அப்படியா அங்கிள்? என்னை நம்பிச் சொன்னதுக்கு ரொம்ப நன்றி.' இதே வார்த்த, இதே நன்றி! பத்து நாள் கழிச்சு நீங்க போயி சொல்றப்போ, மொத தடவ கேக்கற மாதிரி வெள்ளரிக்கா வாங்கிக் குடுத்துக் கேட்டிருக்கான். நாடகத்துல சேத்து விடலாம் மாப்ள இவன.

ஆனா ரெண்டு பேருகிட்டயும் முடிவு சொல்லல பாருங்க. அதுதான் இடிக்குது. இப்ப ஆடி மாசம், ஒண்ணும் பேச முடியாது. ஆவணி பொறக்கட்டும்.

சாத்தே கடைல வெள்ளரிக்கா தின்ன ஒரே தமிழன் நீங்கதான்.

மச்சான்


கிள்ளான்,
4 ஆகஸ்ட் 2025

அன்புள்ள மாமாவுக்கு வாணி வணக்கத்தோட எழுதறது. நான் நல்லா இருக்கேன். நீங்க மாத்திரை ஒழுங்கா சாப்பிடறீங்களா? அப்பாவுக்கு போன்ல கேக்காது, உங்களுக்கு போன்ல சொன்னா பாதில சிரிச்சுடுவீங்க. அதனால உங்க வழியிலயே கடுதாசி.

நேத்து முகுந்தன்கிட்ட என் விஷயத்தை நானே சொன்னேன். ரெண்டு மாசமா அவர்கூட அந்தக் காசைப் பத்தி சண்டை போடறேன், ஒவ்வொரு தடவையும் 'மறைக்க என்ன இருக்கு'ன்னு நானே பேசறேன். பேசிட்டு வீட்டுக்கு வந்தா எனக்கே என்னைப் பிடிக்கல. கேட்டா போகட்டும்னு முடிவு பண்ணித்தான் சொன்னேன்.

அவர் 'அப்படியா'ன்னு கேக்கல. 'கொஞ்சம் வாங்க'ன்னு என்னை உங்க ஆபீஸுக்குக் கூட்டிட்டுப் போனார். நீங்க பாசாருக்குக் காய் வாங்கப் போயிருந்தீங்க. தாமரைகிட்ட பீரோ சாவி வாங்கி அந்த கவரை எடுத்துக் குடுத்தார். மே 13ன்னு தேதி, ஒட்டின இடத்துல அவர் கையெழுத்து, பிரிக்கவே இல்ல. உள்ள, மாதிரிக்குன்னு திருடன் அனுப்பின பக்கம். மாமா, திருடன் முதல் பக்கத்தைத்தான் அனுப்பியிருக்கான். உங்க ஒண்ணாம் நம்பர். நான்.

தாளுக்குப் பின்னால அவர் எழுதியிருந்தார்: 'தெரியாமல் பார்த்துவிட்டேன். நீங்கள் சொல்லும்வரை எனக்குத் தெரியாது. சொல்லவில்லை என்றாலும் பரவாயில்லை.'

முதல் நாளே தெரிஞ்சிருக்கு. நீங்க போய்ச் சொன்னப்பவும் தெரியும், அப்பா போய்ச் சொன்னப்பவும் தெரியும். அதை நேத்துதான் சொன்னார், வேற யாருக்குத் தெரியும்னு நான் கேட்டப்புறம். ஆமா, அதுக்கு வர்றேன். ரெண்டு பேரும் என் கதையைச் சொல்றதுக்கு முன்னால என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். திருடன் என்னைக் கேக்கல, சரி. நீங்க ரெண்டு பேரும் கேட்டீங்களா?

அந்தக் காசு விஷயத்துல நான் இன்னும் மாறல. திருடன் காசுக்குத் தடம் வேணும். அவரும் மாறல. வீட்டுல தினம் சண்டை இருக்கும்னு சொல்லிட்டேன். 'இருக்கட்டும், கதவை மட்டும் சாத்திக்கலாம்'ங்கறார்.

அப்பாகிட்ட நிச்சயத்துக்கு நாள் பாக்கச் சொல்லுங்க.

உங்க ஒண்ணாம் நம்பர்,
வாணி


பிரிக்பீல்ட்ஸ்,
10 ஆகஸ்ட் 2025

மாப்பிள்ளைக்கு. நான் ரொம்ப சுகம், இன்னிக்கு மாடிப்படில ரெண்டு படி கொறஞ்சிருச்சு. வாணி கடுதாசிய இதுலயே வெச்சிருக்கேன். அவள போன்ல கேட்டு, அவ 'சரி'ன்னப்புறம்தான் வெச்சேன். இப்ப நான் அப்படித்தான்.

அவ கேட்ட கேள்விக்கு 'தப்புதாம்மா'ன்னேன். நீங்களும் அதயே சொல்லிடுங்க, மெதுவா சொல்ல உங்களுக்கு வராது, எழுதிக் குடுங்க.

கம்ப்யூட்டர்ல அந்தக் குறிப்புக் கட்டத்த தாமரகிட்ட சொல்லி அடியோட எடுத்துட்டேன். நானூறு மாமியாரோட வாயும் இனி என் மண்டைக்குள்ளதான். திருடனுக்கும் கடைசியா ஒண்ணு எழுதச் சொன்னேன், தம்பி, காசு கெடைக்காது, வேற வேல தேடு, உன் தொழிலுக்கு எந்த அம்மாவும் பொண்ணு குடுக்க மாட்டாங்கன்னு. ரெண்டு நாளா பதில் இல்ல. யோசிக்கறான் போல.

இந்தக் கவருக்கு நானும் கோந்து போட்டு, மேல கையெழுத்தும் போட்டிருக்கேன். நம்ம மருமகன்கிட்ட கத்துக்கிட்டது. நீங்க தவுர யாரும் தொறக்க முடியாது.

நாள குறிச்சு எழுதுங்க.
பக்கிரி


கேரி தீவு,
18 ஆகஸ்ட் 2025

அண்ணனுக்குத் தங்கச்சி இராஜம்மா எழுதிக்கறது. நாங்க சுகம். உங்க சர்க்கரைக்கு இனிப்பு வேணாம்னு டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்கா? நிச்சயத்துல லட்டு பக்கம் உங்கள பாத்தேன்னா தெரியும்.

எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு ரெண்டு ஆம்பளைங்களும் மூணு மாசமா கடுதாசி போட்டுக்கிட்டீங்க. தபால வாங்கறது நான். ஒவ்வொரு கவரயும் சோத்துக் கஞ்சி ஆவில காட்டிப் பிரிச்சு, படிச்சு, மறுபடி ஒட்டித்தான் மேசை மேல வெப்பேன். இவரு எழுதறதயும் தபால்ல போடக் குடுக்கறது எங்கிட்டதான். காது டாக்டராம், காஜாங்குல! கடைசிக் கவர மட்டும் என்னால பிரிக்க முடியல. பக்கத்துல நின்னு இவர வாசிக்க வெச்சுக் கேட்டேன். இவரு மெதுவா வாசிக்கறேன்னு வாசிச்சதுல அடுத்த வீட்டு அக்கா நிச்சயத்துக்கு என்ன பொடவன்னு கேட்டுட்டாங்க.

இப்ப நான் ஒண்ணு சொல்றேன். ஏப்ரல்ல மொதல்ல பொண்ணு பாக்க வந்தாங்க இல்ல, அன்னிக்கே அடுப்படில டீ ஊத்தறப்போ முகுந்தன் அம்மாகிட்ட எல்லாத்தயும் சொல்லிட்டேன். ரெண்டு பேரும் பொம்பளைங்க, மூணு நிமிஷம்கூட ஆகல. அவங்க சக்கரைய கலக்கிக்கிட்டே சொன்னாங்க: 'அது உங்க பொண்ணு அவன்கிட்ட சொல்லவேண்டியது. நான் சொல்ல மாட்டேன்.' சொல்லவும் இல்ல. பையன் யாருகிட்ட கத்துக்கிட்டான்னு இப்ப தெரியுதா?

வாணிய கேக்காம நானும் சொல்லிட்டேன், அதுக்கு நானும் அவகிட்ட திட்டு வாங்கியாச்சு. கணக்குக்கு நாம மூணு பேர்.

நிச்சயம் வர்ற ஞாயித்துக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு. ரெண்டு நாள் முன்னாலயே வந்துடுங்க, ஊறுகா பாட்டில மறக்காதீங்க. அப்படியே அந்தக் கோந்து பாட்டிலயும் கொண்டாந்து எங்கிட்ட குடுத்துடுங்க.

தங்கச்சி
இராஜம்மா